தம்பி பொட்டு வைத்த கம்புகள்

எங்கள் தம்பி போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அவர்கூட வேலை பார்த்தவர்களுக்கும் அக்காவாக நான் நாலு வரி எழுத வேண்டும் என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசியதும் இல்லை. கண்ணால் பார்த்ததையும் தம்பி சொல்லிக் கேட்டதையும் எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது முதுகுளத்தூர் பக்கம். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஷார்ஜாவுக்குப் போய் பிக்கப் ஓட்டினார். அடுத்தவர் பொருளை வண்டியில் ஏற்றினால், அதை ஒப்படைக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அவர் மனைவி இறந்த பின், சமைத்துப்போட நான் ஷார்ஜாவில் அவர் இருந்த ரோலாவுக்குப் போனேன். அப்போதுதான் ஒரு ஸ்பெயின் நாட்டுப் பெண்ணைப் பற்றித் தெரிந்தது. நீளமான கம்பை ஊன்றி எழும்பி, உயரத்தில் கிடக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்டுவது அவருடைய விளையாட்டு. துபாயில் போட்டி என்றால், விமானத்தில் வரும் கம்புகளைத் திடலில் சேர்ப்பது தம்பியின் டூட்டி.

முதல் தடவை அந்தப் பெண் வந்தபோது கம்புகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. யாருடையதையோ வாங்கிக் குதித்து, ஓர் உயரம்கூடத் தாண்டாமல், தம்பியின் வண்டியில் அழுதுகொண்டே ஓட்டலுக்குப் போயிருக்கிறார். அதிலிருந்து கம்பு வருகிற நாளில் தம்பி யாரையும் நம்பாமல் விமான நிலையத்தின் கார்கோ வாசலிலேயே நிற்பார். ஐரோப்பாவில் அந்தப் பெண் பதக்கம் வாங்கியபோது போனில் படத்தைக் காட்டி, “நம்ம புள்ளக்கா” என்றார்.

பிறகு அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் ஆபரேஷன். வெகுநாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது வயதும் ஏறியிருந்தது. துபாயில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால்தான் உலகப் போட்டிக்கு அனுப்புவோம், இல்லையென்றால் இதோடு சரி என்று அவர்கள் நாட்டில் சொல்லிவிட்டார்களாம்.

போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கம்புகள் தம்பியின் பொறுப்பில் இருந்தன. வண்டிக்குப் பொட்டு வைத்தவர், இதுவும் தொழில் செய்கிற சாமான்தானே என்று உறையைப் பிரித்து, ஒவ்வொரு கம்பின் தலைப்பக்கத்திலும் சந்தனம் தடவி, எண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்தார். அவர் தலை என்று நினைத்தது, கை பிடிக்கிற இடம்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போய் வேலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வழியில் பட்ட கறை என்று நினைத்து அந்தப் பெண் கம்புகளைத் துணியால் துடைத்திருக்கிறார். எண்ணெய் கம்பில் சுற்றிய பிடிமான நாடாவுக்குள் ஊறியிருந்தது தெரியவில்லை. சின்ன உயரங்களை வேறு கம்பில், பொட்டுக்குக் கீழே பிடித்துத் தாண்டிவிட்டு, அந்தப் பெரிய உயரத்துக்கென்று வைத்திருந்த கம்பை எடுத்து நுனியில் பிடித்தார்.

மூன்று வாய்ப்புத்தான். முதல் ஓட்டத்தில் கம்பை ஊன்றியதும் கை வழுக்கியது. மெத்தையின் ஓரத்தில் விழுந்தார். சிவப்புக் கொடி. உள்ளங்கையைப் பார்த்தார், சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்து, வழுக்காமலிருக்க வெள்ளை மாவு போட்டு மறுபடி ஓடினார். மறுபடியும் வழுக்கி, இந்தத் தடவை மெத்தைக்கு வெளியே விழப் பார்த்தார். இரண்டாவது சிவப்புக் கொடி.

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. கேரளத்துக்காரரான அவருடைய சூப்பர்வைசருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கிட்டே வந்து மெல்லச் சொன்னார்: “ஒண்ணும் பறையாதே பாய். கேட்டா மாலூம் நஹின்னு சொல்லு. கஃபீல் காதுக்குப் போனா விசா கலாஸ்.” தெரியாது என்று சொல்லிவிடு, விசா கொடுத்த முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்கிறார்.

தம்பி எழுந்தார். என்னடா செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

“அந்தப் புள்ள விழுந்து கழுத்து ஒடிஞ்சா யாருக்கா பதில் சொல்றது?”

வேலியோரம் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். தன் நெற்றியில் பொட்டு வைப்பதுபோல விரலால் காட்டி, பிறகு கம்பைக் காட்டி, “மை மிஸ்டேக்” என்றார். அந்தப் பெண் அவர்கள் பாஷையில் சீறினார். வாழ்த்தவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மறுநிமிடமே நாடாவைக் கிழிக்கத் தொடங்கினார். கம்பின் மறுமுனையைத் தம்பி வேலிக்கு மேலே பிடித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் குதிக்க வேண்டியவர்கள் மளமளவென்று முடித்தார்கள். புது நாடாவின் கடைசிச் சுற்றைப் பல்லால் கடித்துவிட்டு அந்தப் பெண் ஓடினார்.

கம்பு வில்லாக வளைந்து அவரை மேலே வீசியது. இறங்கும்போது மார்பு உரசி குறுக்குக் கம்பி ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. வெள்ளைக் கொடி. தம்பி நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

கம்புகளைக் கட்டும்போது மற்றவற்றில் ஒட்டியிருந்த பொட்டைத் தம்பி துடைக்கப் போனார். இருக்கட்டும் என்று அந்தப் பெண் கையைக் காட்டினார். கோபம் அப்போதும் முகத்தில் இருந்தது. உலகப் போட்டிக்குப் போனார். பதக்கம் இல்லை. அதோடு விளையாட்டை விட்டுவிட்டார் என்று தம்பி சொன்னார்.

நான் ஊருக்கு வந்த பிறகு, தம்பிக்கு டூட்டியிலேயே நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்துவிட்டது. அவரை ஊர் சேர்க்கக் கைகொடுத்த ரோலா நண்பர்களுக்கும், கூட நின்று அழுத சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் சூப்பர்வைசர் அன்றைய விஷயத்தைக் கஃபீலிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் அலைந்து பேப்பர் வாங்கியவரும் அவர்தான். கம்புக்காகத் தம்பி காத்து நின்ற அதே கார்கோ வாசலில், தம்பியின் பெட்டி உள்ளே போகும்வரை நின்றாராம்.

திருச்சியில் பெட்டியை இறக்கியபோது தலைமாட்டில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அந்தச் சூப்பர்வைசர் வைத்தது. தூசி என்று நினைத்து யாரோ துடைக்கத் துணி எடுத்தார்கள்.

இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன்.