காய வைத்த குடைகள்

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது சுதன் வந்தான். இங்கே ஆஸ்திரேலியாவில், பிளாக்டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகியும் தற்காலிக விசாதான். மன்னாரில் விட்டு வந்த கைக்குழந்தை இப்போது வீடியோவில் அவனிடம் அல்ஜீப்ராக் கணக்குக் கேட்கிறது.

கையில் ஒரு சின்னக் காகிதக் குடை வைத்திருந்தான். "தாய்லாந்துக் குடை, அண்ணை. என்னோட வேலை செய்யிற பாலா குடும்பத்தோட ஹொலிடே போனவன். உங்களுக்கும் ஒண்டு கொண்டு வந்திருக்கிறான்."

குடையை விரித்தான். எண்ணெய் பூசிய காகிதத்தின் வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கதிரைக்குப் பூசிய வார்னிஷும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி இருக்கும். அது மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி இருபத்தாறு வயது. சியாங் மாயில் கையில் மஞ்சள் கொடியுடன் நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை தாய்லாந்தில் காத்திருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாக் கூட்டங்களை அழைத்துவரும் ஒருவர், தமிழ் பேசுவான், கொஞ்சமாகச் சாப்பிடுவான் என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து என்னை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார். சரித்திரம் எனக்கு அறவே தெரியாது. ஆனால் வழிகாட்டி தெரியாது என்று சொல்லக்கூடாதே. சுகோதாயின் இடிந்த விகாரைகளிலும் லம்பூனின் பொன் தூபியிலும் இதை யார் கட்டியது என்று கேட்டால் "சோழ ராஜாவின்ர ஆக்கள்" என்பேன். ஒருவர்கூட மறுத்ததில்லை. சிலர் கண் கலங்கினார்கள். லம்பாங்கில் குதிரை வண்டி ஓட்டியவரைப் பார்த்து, அது தஞ்சாவூர் மூக்கு என்று ஒரு தலைமையாசிரியர் எனக்கே விளக்கினார். கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடு ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். நான் ஓட்டினேன், அவர்கள் டிக்கெட் எடுத்து ஏறினார்கள்.

சியாங் மாய்க்குப் பக்கத்தில் ஒரு குடைக் கிராமம். வீட்டுக்கு வீடு மூங்கில் சீவுவார்கள், காகிதம் ஒட்டுவார்கள், எண்ணெய் பூசிய குடைகளை விரித்தபடி முற்றத்தில் காய வைப்பார்கள். இடம் போதாவிட்டால் மிச்சத்தைப் பக்கத்துச் செங்கல் தூபியடியில் வைப்பார்கள். அங்கே வெயில் நன்றாக விழும், அவ்வளவுதான். மதுரையிலிருந்து வந்த ஓர் அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது என்ன தம்பி, நேர்த்திக்கடனா?"

"ஓம் அக்கா. ஒதுங்க இடமில்லாத ஆக்கள் இங்க ஒரு குடை வச்சால் இடம் கிடைக்கும். வீடு, விசா, எல்லாம்."

அக்காவின் மகன் வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தானாம். அன்று அந்தக் கூட்டமே குடை வாங்கி வைத்தது. சாயங்காலம் குடைக்காரப் பெண் எல்லாவற்றையும் மடக்கி வீட்டுக்குள் எடுத்துப்போய் மறுநாள் மறுபடி விற்றாள். அவளுக்கு என் மேல் தனிப் பிரியம் வந்தது. அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் அதையே சொன்னேன்.

பிறகு என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பயந்துபோனேன். மேன்முறையீடு போட்டுவிட்டு, கூட்டம் இல்லாத ஒரு நாள் தனியாக பஸ் ஏறிப் போய், சிவப்புக் குடையொன்று வாங்கி, நானே கட்டிவிட்ட கதையின் காலடியில் வைத்தேன். சும்மா வெயிலுக்கு வைக்கிறேன் என்று மாதாவிடம் சமாதானமும் சொன்னேன். நாலு மாதத்தில் ஆஸ்திரேலியா என்னை எடுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களைத் தவிர.

சுதன் தேத்தண்ணியைத் தொடாமல் போனை நீட்டினான். "இது பாலா எனக்காக வச்ச குடை, அண்ணை. நான் வெளிநாடு போக ஏலாது தானே. அங்க விசாவுக்குக் குடை வைக்கிற இடம் ஒண்டு இருக்காம். சோழர் காலத்தில இருந்தே இருக்காம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே தூபி. சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் டிக்கெட் கூண்டு. முற்றங்கள் இருந்த இடத்தில் பஸ்கள் நின்றன. வேலியோரம் முழுக்கக் குடைகள், ஒவ்வொன்றிலும் மையால் எழுதிய பெயர்கள். தமிழிலும் இருந்தன, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளிலும் இருந்தன. ஒரு நீலக் குடையில் சுதனின் பெயர், மனைவியின் பெயர், மகளின் பெயர், கீழே விசா விண்ணப்ப இலக்கம்.

"நீங்கள் அங்க இருந்தனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. பலிக்குமா?"

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பலிச்சது" என்றேன். அந்த நாட்டைப் பற்றி நான் சொன்னவற்றில் பொய் கலக்காதது அது ஒன்றுதான்.

"போட்டு வாறன் அண்ணை" என்று அவன் முகம் மலர்ந்து போனான். படத்தை எனக்கும் அனுப்பியிருந்தான். குசினிக் கதிரையில் உட்கார்ந்து அதில் காய வைத்த குடை ஒன்றைத் தேடினேன். பெயர் எழுதாத, வெயிலைத் தவிர வேறெதையும் கேட்காத, சாயங்காலம் யாராவது வந்து மடக்கி வீட்டுக்குள் எடுத்துப்போகிற குடை. ஒன்றுகூட இல்லை.