பார்க்க வராதீங்க, ப்ளீஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, மோகனூரில் என் அண்ணன் வீட்டில் ஓர் ஆப்பிள் பறந்தது. எறிந்தவள் அண்ணன் மகள் தர்ஷிணி. ப்ளஸ் ஒன், பள்ளிக் கபடி டீமின் ரெய்டர். விழுந்த இடம், அதைக் கொண்டுவந்த அண்ணியின் பெரியம்மா காலடி.

கொஞ்ச நாள் முன்பு மேட்ச்சில் தர்ஷிணியின் தலை தரையில் மோதிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார் - மூளை அதிர்ந்திருக்கிறது, காரணமில்லாமல் அழுவாள், எரிந்து விழுவாள். வெளிச்சம், சத்தம், பேச்சு எல்லாம் குறையட்டும். தான் சொல்லும்வரை கபடி கூடாது, ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து.

நம் ஊரில் நடக்கிற காரியமா? அடிபட்ட பிள்ளையைப் போய்ப் பார்க்காவிட்டால், அடுத்த விசேஷத்தில் எப்படி முகம் கொடுத்துப் பேசுவது? வந்தார்கள்... வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் டியூப்லைட்டைப் போட்டு, படுத்திருந்தவளை எழுப்பி உட்காரவைத்து -

"எப்படி சாமி உழுந்தே?"

அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். யார்தான் ஆப்பிளை எறிய மாட்டார்கள்?

"காத்துக் கருப்பு அடிச்சிருக்குமுங்க. கயிறு கட்டுங்க" என்றார் பெரியம்மா. அண்ணன் அதற்கும் மேலே. "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லீன்னுட்டாங்களே. ஊட்டுலயே கெடந்தா கோவந்தான் வரும். நாளைக்கிருந்து பிராக்டீசுக்குப் போகட்டும்."

தர்ஷிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னு பண்ணலீங்க அத்தை. ஏன் அழுகை வருதுன்னு எனக்கே தெரியலீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனுக்குத் தொழில் லாரி. "ஏண்ணா, உங்க வண்டி மோதிட்டு வந்தா, வெளியில கீறல் இல்லைன்னு மறுநாளே லோடு ஏத்தி உடுவீங்களா?"

"அதெப்படி? சேஸிஸ், ஸ்டியரிங் எல்லாம் பாக்காம எப்படி..." என்றவர் எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தார்.

மறுநாளிலிருந்து கேட்டருகே சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாப்பா தூங்குறாளுங்க. அடுத்த மாசம் வாங்க." சொந்த மாமனாரே பழப்பையோடு திரும்பிப் போனார். டீம் கோச்சுக்கும் அதே கதிதான். "டாக்டர் சொல்லாம அனுப்ப மாட்டேனுங்க."

ஊர் சும்மா இருக்குமா? அடிபட்டது மகளுக்கு, மூளை கலங்கியது அப்பனுக்கு என்று பேச்சாம். நேற்று போனபோது தர்ஷிணியிடம் சொன்னேன். சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஊர் தாராளமாகப் பேசட்டும்... கேட்டுக்கு வெளியே நின்று, கொஞ்சம் மெதுவாக.