கூரை ஸ்பீக்கர்

என் அக்கா முத்தம்மாவின் வீட்டுக்காரர் பத்துமலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஐம்பது வருடமாக ஒரே கதை. ஆயர் தாவார் போகிற வழியில் எங்கள் சின்ன டவுனில் ஒரு தியேட்டர் இருந்தது, அதன் கூரையில் நாலு கூம்பு ஸ்பீக்கர் இருந்தது, அதை மாட்டியவர் இவர். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் சீவியவர். பதினாறு வயதில் போஸ்டர் ஒட்டப் போய், இருபத்தைந்தில் படம் ஓட்டும் ஆபரேட்டர் ஆனார். சாயங்காலம் ஐந்தரைக்குக் கூரையில் பாட்டு ஆரம்பிக்கும். சுற்றியிருந்த மூன்று தோட்டத்து லயங்களுக்கும் கேட்கும். மூன்றாவது பாட்டுக்குள் பெண்கள் குளித்து முடிக்க வேண்டும், ஐந்தாவது பாட்டுக்கு ஆட்களைத் தியேட்டருக்கு ஏற்றிப்போகும் லாரி கிளம்பும், முருகன் பாட்டு வந்தால் படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். கடிகாரம் இல்லாத வீடுகள் அதை வைத்துத்தான் உலை வைத்தன. பொய்யில்லை, அந்த லாரியில் நானும் போயிருக்கிறேன். இவர் சொல்லாமல் விடுவதை நான் சொல்லிவிடுகிறேன்: உள்ளே மூட்டைப்பூச்சி, மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காது, முக்கியமான இடத்தில் ரீல் அறுந்துபோகும்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஜனம் ஈப்போவுக்கும் கமுந்திங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டது. தியேட்டரை மூடினார்கள். அப்புறம் அது மரச்சாமான் கிடங்கு, அப்புறம் ஸ்நூக்கர், அப்புறம் சும்மா கிடந்தது. இவர் செம்பனை ஆலையில் ஜாகா வேலைக்குப் போய், ராத்திரியும் பகலும் கேட்டைக் காத்தார். வீடு மட்டும் தியேட்டருக்கு நேர் எதிரில் வாங்கினார். உலகத்தில் வேறு இடமே இல்லை பாருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் அந்தக் கட்டடத்தை வாங்கி, ஜன்னல்களைச் சிமெண்டால் அடைத்து, வாலிட் குருவி வளர்க்க ஆரம்பித்தார். குருவி உள்ளே கூடு கட்டினால் பறித்துச் சூப்புக்கு விற்கலாம். அவற்றைக் கூப்பிட, கூரையில் ஸ்பீக்கர் வைத்துப் பதிவு செய்த குருவிச் சத்தத்தைப் பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை போடுகிறார்கள். ஒரே கீச்சு. பாட்டுகூட இல்லை.

போன வருடம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நன்றாகத் தூங்கினால்தான் தேறுவார் என்றார் டாக்டர். அக்கா கண்ணை மூடுவார், கூரை கத்தும், கண்ணைத் திறப்பார். ஒரு கையால் ஒரு காதைத்தான் பொத்த முடியும்.

பத்துமலை போய்க் குருவி முதலாளியிடம் கேட்டார். "துத்துப் திங்காப் லா, பாக்சிக்" என்று மலாயில், ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

"என்னா மனுசன் மச்சான் அவன்? நோயாளி கெடக்குதுங்கிறேன், ஜன்னலச் சாத்துங்கிறான்."

அன்றைக்கு முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நான்தான் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதினேன்.

அடுத்த வாரமே ஓர் அதிகாரி வந்தார். புனிதா என்று பெயர், ஐம்பதைத் தாண்டிய பெண். சத்தம் அளக்கும் கருவியை அக்காவின் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சத்தம் அதிகம்தான், உத்தரவு கொடுத்துவிடலாம் என்றார். வந்த காரியம் முடிந்தது. ஒரு டீயைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாங்களும் ஸ்பீக்கர் போட்டோம்மா, இதே கூரையில. மூனு தோட்டத்துக்கும் கேக்கும். ஒருத்தரு, ஒரே ஒருத்தரு கம்ப்ளேன் பண்ணதில்ல லா."

புனிதா எழுதுவதை நிறுத்தினார்.

"பண்ணோம் அங்கிள். தியேட்டருக்குப் பின்னால தோட்டத்து ஆபீஸ் கிராணி வீடு இருந்துச்சே, அது எங்களுது. எங்கப்பாவுக்குப் புத்துநோய். ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்கன்னு அம்மா வந்து கேட்டாங்க. நானும் கூட நின்னேன். நீங்கதான் வெளிய வந்தீங்க. ஜன்னலச் சாத்திக்குங்கன்னு சொன்னீங்க."

குரலில் கோபமே இல்லை. பத்துமலை என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்?

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"இருக்காது அங்கிள். எத்தன பேரு வந்து போற எடம்."

"அப்பறம்?"

"ஒரு மாசமெல்லாம் தேவப்படல. பதினாறு நாளுதான்."

சொல்லிவிட்டு உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கே எதிர்க் கட்டடத்தில் கொடுத்துவிடுகிறேன், இந்த அம்மா தூங்கட்டும் என்றார். டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கூரை அடங்கியது. அக்கா மத்தியானம் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவர் மட்டும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"என்னய ஒரு மாசம் அலைய விட்டிருக்கலாம் மச்சான் அந்தப் பொண்ணு," என்றார். "கொஞ்சமாச்சும் அலைய விட்டிருக்கலாம்."

போன வாரம் பழைய தியேட்டர்களைப் படம் எடுக்கிற இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். இங்கே வேலை செய்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்கள். மனிதர் கொஞ்சம் பழையபடி பேசட்டுமே என்று, நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.

"தெரியாதுப்பா," என்றார் பத்துமலை. எழுந்து உள்ளே போய், தூங்குகிற அக்காவின் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்.