மூன்றாவது பொட்டலம்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் என் கழுத்துச் செயினை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். ஆளும் பிடிபட்டான், செயினும் கிடைத்தது. ஆனால் வழக்கு முடியும்வரை நகை செங்கல்பட்டு கோர்ட்டில்தான் இருக்கும் என்றார்கள். சாட்சி சொல்ல வரச்சொல்லி வாய்தா மேல் வாய்தா போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

"உன் செயினு, உன் சாட்சி. நான் எதுக்கு?" என்பார் என் கணவர்.

திருடனைப் பார்க்கவோ அவன் மனைவி தவறாமல் வந்தாள், புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு. முதல் பொட்டலம் காவலுக்கு வந்த போலீஸ்காரருக்கு. அதை வாங்கியதும் அவர் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். உடனே இரண்டாவதைப் பிரித்துப் புருஷனுக்கு ஊட்டிவிடுவாள். விலங்கு அவனுக்கு இடது கையில்தான்! வலது கை சும்மாதானே இருந்தது? அவன் வாயோரத்தை அவள் முந்தானையால் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு செயினுக்காக அவனுக்கு ஆயுள் தண்டனையே கிடைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

நான் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்த அன்று, மூன்றாவதாக ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

"சாப்டுக்கா. எப்பவும் ஒண்டியாவே வந்துகினு கீறே. வூட்ல யாரும் இல்லியா?"

"எனக்கும் புருஷன் இருக்காரு!" என்று நான் கத்தியதில் கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. செயினை வாங்கிக்கொண்டு பசியோடு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் வாசலிலேயே கேட்டார்:

"எடை சரியா இருக்கா, பாத்தியா?"