கதவைச் சாத்திய கமிட்டி

இப்போதெல்லாம் சட்டசபை நடப்பதைப் போனிலேயே பார்த்துவிடலாம். யார் மேசைமேல் ஏறினார், யார் மைக்கைப் பிடுங்கினார் என்பது எங்கள் எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சபை என்றால் ஊர் பார்க்கத்தான் நடக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். ஆனால் சிறுவயதில் நான் உள்ளே இருந்து பார்த்த ஒரே கூட்டம், பார்க்க வந்தவர்களைத் துரத்திய பிறகுதான் உருப்படியாக நடந்தது.

அப்பாவின் அக்கா அப்போது எங்கள் வார்டு மெம்பர். தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவரை, பெண்கள் வார்டு என்று சொல்லி நிறுத்தி ஜெயிக்க வைத்திருந்தார்கள். ஓடைக்கு ஒரு பாலம் வாங்கித் தருவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பக்கம் எங்கள் லயம், தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். அந்தப் பக்கம் மறையூர் பஸ் நிற்கும் ரோடும் பள்ளிக்கூடமும். நடுவே ஓடைக்குக் குறுக்கே போட்ட இரண்டு மரக்கட்டை. மழை பிடித்தால் அதுவும் போய்விடும். முந்தின வருடம் என் அக்கா அதில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். பாலம் வராவிட்டால் அத்தை லயத்தில் தலைகாட்ட முடியாது.

கமிட்டி கூடிய அன்று பாதி லயம் லீவு போட்டுவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கிளம்பியது. அத்தை பேசுகிறாரா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். கீழ் வார்டிலும் தங்கள் மெம்பரை நம்பாதவர்கள் ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் காணும். கீழ் வார்டு மெம்பருக்கு ரோடு வேண்டும், அத்தைக்குப் பாலம். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்தபடி மெம்பர்கள் பக்கமே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை எழுந்து மேசையைத் தட்டினார். அவ்வளவுதான். ஃபாக்டரி வாசலில் யூனியன் கூட்டம் போடுகிற நினைப்பில் எங்கள் ஆட்கள் கையை உயர்த்தி "சிந்தாபாத்" முழங்கினார்கள். கீழ் வார்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் மெம்பரும் எழுந்து கத்தினார். அத்தை உட்காரப் பார்த்தார். "விட்றாதக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி எழுந்து கத்தினார். அந்தப் பக்கமும் இதே கூத்துதான். பிரசிடென்ட் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். என்னை யாரும் பொதுமக்களாக மதிக்கவில்லை.

இனிமேல்தான் அடிதடி என்று நான் ஆவலாக இருந்தேன். கீழ் வார்டு மெம்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மலையாளத் தமிழில், "அக்கா, தொண்ட போயி. முதல்ல ஒரு சாயா குடிங்க" என்றார். அத்தை சிரித்துவிட்டார். டீயும் வடையும் வந்தன. எனக்கும் ஒரு வடை கிடைத்தது.

"இந்த வருசம் பாலத்துக்கு விட்டுக் குடுங்க. அடுத்த வருசம் ஒங்க ரோட்டுக்கு நானே கையத் தூக்குதேன்" என்றார் அத்தை. கீழ் வார்டு மெம்பர் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார். டீ ஆறுவதற்குள் பாலம் பாஸாகிவிட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுச் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, உள்ள என்ன நடந்துச்சு?"

"அத்தை சிரிச்சாங்க. வடை தின்னோம். பாலம் வருது."

"சிரிச்சாளா?" என்றார் சித்தி. பாலம் அவர் காதிலேயே விழவில்லை.

அடுத்த மழைக்கு முன்பே பாலம் வந்தது. அதன்மேல் நடந்து போய் ரேஷன் வாங்கினார்கள், பஸ் பிடித்தார்கள். நடந்துகொண்டே, "பாலம் வந்துச்சு, சரி. பதிலுக்கு என்னத்த விட்டுக் குடுத்தாளோ?" என்றும் பேசிக்கொண்டார்கள். நடந்ததை நான் எத்தனையோ தடவை சொன்னேன். அத்தை சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன் என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நீங்க பாக்க நான் கத்துனப்ப ஒரு செங்கல்லு வரல. கதவச் சாத்துனப்பொறம்தான் வந்துச்சு" என்றார். "அதத்தான் நாங்களும் சொல்லுதோம்" என்றார்கள்.

அடுத்த தேர்தலில் அத்தை தோற்றார். யூனியன் கூட்டங்களில் நன்றாகக் கத்தத் தெரிந்த ஒருவர் மெம்பரானார்.

குடிதண்ணீர்க் குழாய் விஷயமாகக் கமிட்டி கூடியபோது, அத்தை ஊர்க்காரர்களோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். அன்றும் கூச்சல்; அன்றும் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே என்ன நடக்கும் என்பது, வராந்தாவில் நின்ற அத்தனை பேரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அத்தை கதவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள என்னத்தப் பேசுதானுவளோ! நல்ல விசயம்னா ஆளுக முன்னால பேச வேண்டியதுதான?" என்றார்.

அத்தை தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை ஏன் என்னை அப்படி முறைத்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.