முருகையா புதைத்த கற்கள்

குருவிட்டையிலிருந்து முருகையாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காலையில போயிட்டாருங்க சார்" என்றாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. நான் வியப்படையவில்லை.

முருகையா றப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, மண் ஆய்வுக்கூடத்தில் கள உதவியாளராக இருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். பாறையை மழைதான் மண்ணாக்குகிறது என்பது எங்கள் தலைவரின் கட்சி. வேரடி மண்ணின் பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து கல்லைக் கரைக்கின்றன, மரத்துக்கு வேண்டிய பொட்டாசியம் அதிலிருந்து வருகிறது என்று நான் படித்திருந்தேன். அதைக் காட்டிவிடப் புறப்பட்டவர் முருகையா. "வேலை பாக்குறது அதுங்க, பேரு மழைக்குங்க சார்" என்று சிரிப்பார்.

கல்துண்டுகளை எடைபோட்டு, எண் அட்டை கட்டி, நைலோன் பைகளில் ஆய்வுக்கூடத்து றப்பர் மரங்களின் வேரடியில் புதைத்தார். ஒப்பிடுவதற்காக, அவித்துப் பாக்டீரியாக்களைக் கொன்ற மண்ணை, மழைநீரை வடிகட்டி உள்ளே விடும் ஜாடிகளில் அடைத்து, அதே கற்களை இட்டு அருகில் புதைத்தார். ஆறு வருடம் கழித்து எடுத்து நிறுக்க வேண்டும். முடிவு வந்தால் அறிக்கையில் அவர் பெயரும் வரும் என்று தலைவர் ஒப்புக்கொண்டிருந்தார். லயத்திலிருந்து வந்த ஒருவரின் பெயர் அதுவரை எந்த அறிக்கையிலும் வந்ததில்லை.

மாணிக்கம் தோண்டிப் பிழைக்கும் ஊரில் ஒருவர் கல்லைப் பையில் கட்டிப் புதைத்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. நான்காம் வருடம் ஒரு காலை அங்கே போனால் இடமெல்லாம் குழி. எண்கள் பிய்ந்து, கற்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. எது எந்த மண்ணில் இருந்தது என்று இனித் தெரியாது. தோண்டியவர்களில் ஒருவன், பக்கத்து லயத்துச் செல்வம், ஓடி ஒளியவுமில்லை.

"இதுல மாணிக்கம் எதுண்ணே? நல்லத வேற எடத்துல வச்சிருக்கீங்களா?"

"எல்லாம் வெறுங்கல்லுதாண்டா. நம்பர ஏண்டா பிச்ச?"

அவ்வளவுதான் கேட்டார். பொலிசுக்குப் போகவும் மறுத்துவிட்டார். அந்தப் பொறுமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாடு மிதிக்கும், வேலி வேண்டும் என்று நாங்கள் எழுதிய கடிதத்தை மேசையிலேயே கிடக்கவிட்ட தலைவரையும் மன்னிக்கவில்லை.

மறுபடி புதைத்தார். இம்முறை அடையாளம் வைக்கவில்லை. மரங்களை எண்ணி எனக்கு மட்டும் இடம் காட்டினார். ஓய்வு பெறும்போது, "ஆறாவது வருஷம் நீங்க எடுத்துப் பாத்துருங்க சார்" என்றார். அது வருவதற்குள் நான் தலைவரோடு சண்டையிட்டு மாற்றல் வாங்கியிருந்தேன். அந்த மனிதர் இருக்கும் இடத்தை மிதிப்பதில்லை என்ற வீம்பில் ஆறாம் வருடம் போகவில்லை. ஏழாம் வருடம் போனபோது பழைய மரங்களை வெட்டி, நிலத்தைக் கிளறி, புதுக்கன்றுகள் நட்டிருந்தார்கள். எண்ணுவதற்கு ஒரு மரமில்லை.

பார்க்கும்போதெல்லாம், "எடுத்தாச்சுங்களா சார்?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். கடைசிவரை அதையே சொன்னேன்.

அவர் எடைகளைக் குறித்து வைத்த கொப்பி என்னிடம் இருக்கிறது. முதல் எடைகள் அவர் கையெழுத்தில் வரிசையாக உள்ளன. இரண்டாம் எடைக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். அந்த மண்ணுக்கடியில் கற்கள் கரைந்துகொண்டுதான் இருக்கும். எவ்வளவு என்று அந்த இடத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.