அட்ஜஸ்ட் என்றால் அப்பாவுக்கு ஆகாது

எங்கள் அப்பாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். என்னென்ன பிடிக்காது என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஈரத்தை வாசல் திரைச்சீலையில் துடைப்பவர்களைப் பிடிக்காது. அவர் வாங்கின பேப்பரை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவர்களைப் பிடிக்காது. தொட்டுத் தொட்டுப் பேசுகிறவர்கள், தெருமுனைவரை கேட்கும்படி டீயை உறிஞ்சுகிறவர்கள், பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறவர்கள், இவர்கள் ஒருவரையும் பிடிக்காது. இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் இங்கிலீஷ்.

அப்பா விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். நாள் முழுக்க மற்றவர்களுடைய இங்கிலீஷை அடித்து அடித்து, அந்த மொழிமேல் அவருக்கு ஒரு மாமியார்த்தனம் வந்துவிட்டிருந்தது. யாராவது "டென்ஷனா இருக்குப்பா" என்றால் போதும். "டென்ஷன் கரண்டுக் கம்பியில இருக்கும். உனுக்கு இருக்கறது கோவம். கோவம்னு சொன்னா வாய் வெந்தா பூடும்?" என்பார். எதிர்வீட்டுக் காலேஜ் பையன் "அங்கிள்" என்று கூப்பிட்டால், நான் உங்கப்பனுக்கு அண்ணனா தம்பியா, முதலில் அதைச் சொல்லு என்று வாசலிலேயே நிறுத்திவைப்பார். காலை மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் "சாரி" சொல்லிக்கொண்டே போகிறவர்களைத் துரத்திக்கொண்டு ஓடாத குறைதான்.

வீட்டுக்குள் சொல்லித் தொலைத்தால் எனக்கென்ன போச்சு? இவர் ரேஷன் கடை வரிசையில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே மாதாகோயில் வாசலில் நிற்கும்போது சொல்வார். நான் நாலாம் வகுப்பு படிக்கையில் டீச்சர் அவரைக் கூப்பிட்டு, பாப்பா கொஞ்ச நாளாய் டல்லா இருக்கிறாள் சார் என்றார்கள். "டல்லா இருக்கறதுக்கு அவ இன்னா பல்பா?" என்று கேட்டுவிட்டார் அப்பா. வகுப்பே சிரித்தது. அந்த வருஷப் பரீட்சை முடிகிறவரைக்கும் என் பெயர் பல்பு. அப்பாவோடு வெளியே போக வேண்டும் என்றாலே நான் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவ ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

இந்தப் பிடிக்காத சரக்கில் கடைசியாக வந்து சேர்ந்தது 'அட்ஜஸ்ட்'. தொண்ணூற்றி ஆறோ ஏழோ, ஈஸ்டர் கழிந்த சமயம். அதற்கு முன்னால் அவர் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. திடீரென்று அதன்மேல் பாய ஆரம்பித்தார். மற்ற சொற்களைக் கேலி செய்வார், மடக்குவார், தானே சிரித்தும்கொள்வார். இதற்குச் சிரிப்பே கிடையாது. முகம் கறுத்துப்போகும். சட்டைத்துணி ஒரு விரல் குறைச்சலாக இருக்கிறது, அட்ஜஸ்ட் பண்ணித் தைத்துவிடுகிறேன் என்று டெய்லர் சொன்னதற்கு, அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். "அந்த மனுஷன் துணியத்தான அட்ஜஸ்ட் பண்றேன்னான், உங்களையா சொன்னான்?" என்று அம்மா கேட்டாள். அப்பா துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. அவளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமா வேன் ஓட்டினார். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று தனியாக ஒரு கேக் பொட்டலம் இருக்கும். பிடிக்காதது என்று எதையும் சொல்லாத மனிதர் என்பதாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்து எங்களோடு சில நாள் இருந்தாள். பிறகு அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பிவைத்தார். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி கிடையாது. அத்தை வந்தும் கறிக்குழம்பு இல்லாமல் போயிற்றே என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து, திண்டிவனத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் அப்பாவிடம் தனியாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட இருக்காமல் அப்பா விடிந்ததும் கிளம்பினார். "பொண்ணையும் இட்டுக்கினு போங்க. கொழந்த கூட இருந்தா வாய் கொஞ்சம் அடங்கும்" என்றாள் அம்மா. பின்னல் போடும்போது என் காதில், அப்பா எதையாவது ஆரம்பித்தால் கையைப் பிடித்து இழு என்று சொல்லிவைத்தாள். இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. பஸ்ஸில் போகிறபோது அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன். அவர் கவனிக்கவே இல்லை.

அத்தை வீட்டில் எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அத்தையின் மாமியார் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி என் கையில் ஒரு முழு பாட்டிலையே கொடுத்தார்கள். அத்தை சமையல்கட்டு வாசலில் நின்றாள். அந்தப் புழுக்கத்தில் முந்தானையை வலது கைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். கையைக் காட்டு என்றார் அப்பா. அத்தை மாமியாரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு முந்தானையை விலக்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மூங்கில் பட்டை வைத்து எண்ணெய்த்துணியால் கட்டுப் போட்டிருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அத்தையின் மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். ஐயோ பாவம் அத்தை, பார்த்துப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு நான் கலரைக் குடித்தேன்.

அப்பா மாமாவையே பார்த்தார். மாமா முதுகைச் சொறிந்துகொண்டார். "சாரி மச்சான். அன்னிக்கி வண்டி மக்கர் பண்ணிடுச்சி, ஒரே டென்ஷன்" என்றார். அவருடைய அம்மா கூடவே, "எல்லா ஊட்லயும் இருக்கறதுதான் தம்பி. பொம்பளைங்க நாமதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போவணும்" என்றார்கள்.

நான் பாட்டிலைத் தரையில் வைத்தேன். சாரி. டென்ஷன். அட்ஜஸ்ட். ஒன்று சொன்னாலே தாங்க மாட்டார், தாயும் மகனுமாகச் சேர்ந்து மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்களே! அடக் கடவுளே, இவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கக் கூடாதா? நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். அவர் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"டென்ஷனாம் டென்ஷன்! எவன்கிட்ட சொல்ற?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே வந்து வாசலில் நின்றது. "இன்னும் எவ்ளோடா அட்ஜஸ்ட் பண்ணுவா அவ?" என்று கேட்டார். என்னென்னவோ கேட்டார். அவருடைய குரல் கீச்சென்று உடைந்து, அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. வாசலில் ஒரு அம்மாள், "யாரு இந்த ஆளு, இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தறாரு" என்று இன்னொரு அம்மாளிடம் கேட்டார்கள். மாமா அப்போதும் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தட்டி, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "பொட்டிய எட்த்துக்கினு வாம்மா" என்றார் அப்பா. அத்தை ஒரு கையால் பெட்டியை இழுக்க, அப்பா அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பாதி கலரோடு பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன். தெரு முழுக்க எங்களையே பார்த்தது. நான் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. அத்தை ஜன்னலோரம், நடுவில் நான், ஓரத்தில் அப்பா. "அத்த மேல இடிக்காம உக்காரு" என்றார் என்னிடம். இனிமேல் இவர் வாயைத் திறக்க மாட்டார், வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் நினைத்ததுதான் தப்பு. கூட்டேரிப்பட்டில் கூட்டம் ஏறியது. வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) ஒரு அம்மாள் எங்கள் சீட்டருகே வந்து, "சார், கொழந்தைய மடியில வெச்சிக்கினு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க சார்" என்றார்கள்.

"பண்ண மாட்டேன்!" என்று கத்தினார் அப்பா. டிரைவரே திரும்பிப் பார்த்தார். "நவுந்து உக்காருன்னு சொல்லு, எழுந்துருன்னு சொல்லு, எழுந்துக்கறேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத!" அதே வேகத்தில் விருட்டென்று எழுந்து, தன் இடம் முழுவதையும் அந்த அம்மாளுக்கு விட்டுவிட்டு, பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். இடம் கொடுப்பதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. அந்தச் சொல்தான் ஆகாது.

"இன்னா சார், ஒரு எடம் கேட்டதுக்கு இந்தப் பேஜாரு பண்ற" என்று அந்த அம்மாள் பயந்துகொண்டே உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். "டென்ஷன் ஆவாதீங்க சார்" என்று கண்டக்டர் வேறு சேர்ந்துகொண்டார். நான் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். அப்பாவின் செருப்பு மட்டும் தெரிந்தது. இந்தச் செருப்புக்காரர் யாரோ, நான் அத்தையோடு வந்திருக்கிற பெண், அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நான் தலையைத் தூக்கியபோது மல்லாட்டைக்கார அம்மாள் அத்தையின் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள்மேல் படாதபடி சீட்டு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். என் கையில் ஒரு பிடி மல்லாட்டையை வைத்தார்கள்.

அத்தை அதன்பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஏன் வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் வீட்டில் அட்ஜஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள், எங்கப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் பிடிக்காது, அதனால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று. ஒருத்திகூட நம்பவில்லை. நான் நம்பினேன். சிரித்த முகத்து மாமாவையும் அவர் வாங்கிவரும் கேக்கையும் ஒரு சொல்லுக்காகத் தொலைத்துக்கட்டிய மனிதர் என்று வெகுநாள் அப்பாவோடு சரியாகப் பேசாமல் இருந்தேன்.

நான் காலேஜுக்குப் போன பிறகு ஒருநாள் அம்மாதான், பாத்திரம் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்தத் தவக்காலத்தில் அத்தை வந்தபோதே முதுகில் தடிப்புத் தடிப்பாக இருந்ததாம். திருப்பி அனுப்பாதே அண்ணா என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். கோயிலில் வைத்துக் கட்டிய தாலி, ஊர் என்ன சொல்லும் என்று அப்பா பயந்துபோய், பஸ் ஏற்றும்போது அவள் தலையைத் தடவி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா என்று சொல்லி அனுப்பினாராம். அதற்கப்புறம்தான் கை.

அம்மா அதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பஸ்ஸின் மிச்சப் பயணம் நினைவுக்கு வந்தது. விக்கிரவாண்டியில் மல்லாட்டைக்கார அம்மாள் இறங்கிப்போக, அப்பா மறுபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் அடங்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன சொல்லை யார்தான் கொண்டுவந்தார்களோ, ஆளாளுக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே, கோபமில்லாத குரலில் சொன்னாள்.

"வுடுண்ணா. நீயும்தான் சொன்ன."

அப்பா நிறுத்தினார். பிறகு துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு, விழுப்புரம் வருகிறவரைக்கும் எடுக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது, ரோடு மோசம். அம்மாவால் முடியாததை, என்னால் முடியாததை, அத்தை ஒரே வார்த்தையில் சாதித்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அப்பாடா, ஒருவழியாக இவருடைய வாயை அடைக்க ஓர் ஆள் கிடைத்தது என்ற நிம்மதியில், மீதி மல்லாட்டையை உரித்து உரித்துத் தின்றுகொண்டு வந்தேன்.